வாய் கொப்பளித்தலில் உப்பு: கழுவும் பொருளிலிருந்து ஆற்றும் பொருளுக்கு

சுருக்கம்

வாய்ப்புண், ஈறு எரிச்சல், பல் அகற்றிய இடத்து வலி ஆகியவற்றுக்கு வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளிக்குமாறு கூறும் அறிவுரை இன்று வீடுகளிலும் பல் மருத்துவமனைகளிலும் ஒருங்கே வழங்குகிறது. இதனைப் பழமருத்துவ மரபின் நேரடித் தொடர்ச்சியாகக் கொள்ளும் போக்கு பரவலாக உள்ளது. சுசுருத சங்கிதை, அட்டாங்க இருதயம் ஆகிய நூல்கள் கொப்பளிப்பை வகைப்படுத்தும் முறை, தமிழர் வீட்டு மருத்துவ வழக்கு, 19, 20-ஆம் நூற்றாண்டுகளின் உடலியங்கியல் வரலாறு ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. பழநூல்களில் உப்பு கழிவகற்றும் கொப்பளிப்புக்கு உரிய பொருள். எரிச்சல் தணிக்கும் கொப்பளிப்புக்கு உரியதன்று. உப்பை ஆற்றும் பொருளாக மாற்றியது, உடல்நீரோடு ஒத்த செறிவு என்னும் 19-ஆம் நூற்றாண்டுக் கருத்தே என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கொப்பளித்தல், கவளம், கண்டூஷம், உப்புநீர், செறிவு, வாய்ப்புண், மருத்துவ வரலாறு

1. முன்னுரை

ஒரு குவளை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஆறியபின் வாயில் வைத்துக் கொப்பளித்து உமிழ்தல் என்பது மிக எளிய செயல். எளிமை காரணமாகவே அதற்கு ஒரு வரலாறு உண்டு என்னும் எண்ணம் எழுவதில்லை. கேட்கப்பட்டால், ‘முன்னோர் வழக்கம்’ என்னும் விடையோடு அமைந்துவிடுகிறோம். உப்பும் பழமையானது, வாய் கொப்பளித்தலும் பழமையானது, எனவே உப்புநீர்க் கொப்பளிப்பும் பழமையானது என்னும் அளவையே இவ்விடையின் அடித்தளம்.

இவ்வளவையில் ஓர் இடைவெளி உள்ளது. இரண்டு பொருள்கள் தனித்தனியே பழமையாக இருத்தல், அவை ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்காக இணைக்கப்பட்டதற்குச் சான்றாகாது. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து உப்பும், அதனை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணரும் இடம்பெறுகின்றனர். ஆசாரக்கோவை உணவுக்குப் பின் வாயைத் தூய்மை செய்யும் முறையை விதிக்கிறது. முன்னது வணிகச் செய்தி. பின்னது ஒழுக்க விதி. இவ்விரண்டையும் சேர்த்துவைத்து, பழந்தமிழர் உப்புநீரால் வாய்ப்புண்ணை ஆற்றினர் என்று கூறுதல் ஆய்வு நெறிக்குப் பொருந்தாது.

எனவே இக்கட்டுரை இரண்டு வினாக்களை எழுப்புகிறது. பழைய மருத்துவ நூல்களின் கொப்பளிப்பு முறையில் உப்புக்கு வழங்கப்பட்ட பணி யாது? எரிச்சலைத் தணிக்கும் பணியை உப்பு எப்போது, எவ்வழியாகப் பெற்றது? இவை வெறும் பழமை ஆர்வத்தால் எழும் வினாக்கள் அல்ல. ‘மரபு’ என்னும் சொல் இன்று விளம்பரத்திலும் உடல்நல அறிவுரையிலும் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மரபு உண்மையில் என்ன கூறிற்று என்பதைப் பிரித்துக் காட்டுதல் வரலாற்று ஆய்வாளர் கடமையாகிறது.

2. சொல்லும் செயலும்

தமிழில் கொப்பளித்தல் என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. நீரை வாயில் இட்டு அலைத்து உமிழ்தல் ஒன்று. தீப்பட்ட தோல் நீர்கோத்து எழுதல் மற்றொன்று. ‘கை கொப்பளித்துவிட்டது’ என்பது இன்றும் பேச்சில் உள்ள தொடர். கொப்புளம் என்னும் பெயர்ச்சொல் இதனோடு தொடர்புடையது. குமிழியிட்டு எழுதல் என்னும் அடிப்படைப் பொருளிலிருந்து இரண்டும் கிளைத்தன எனக் கொள்ளலாம். நீர் வாயில் குமிழியிடுதலையே கொப்பளித்தல் என்னும் சொல் குறிக்கிறது. இச்சொல்லில் மருந்து என்னும் பொருள் இல்லை. அலம்புதல், கழுவுதல், பூசுதல் ஆகியனவும் செயலையே சுட்டுவன.

மருத்துவ நூல்கள் இச்செயலை இரண்டாகப் பகுக்கின்றன. வாய் நிரம்ப நீர்மத்தைக் கொண்டு, அலைக்க இயலாதவாறு அசையாமல் வைத்திருத்தல் கண்டூஷம். எளிதாக வாய்க்குள் அலைக்கக்கூடிய அளவு கொண்டால் அது கவளம். சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதி 40-ஆம் இயலிலும், வாக்படர் இயற்றிய அட்டாங்க இருதயத்தின் சூத்திரப் பகுதி 22-ஆம் இயலிலும் இவ்வேறுபாடு தெளிவாகக் கூறப்படுகிறது. கவளம் என்பது வடமொழியில் ஒரு வாய் அளவைக் குறிக்கும் சொல். தமிழில் அது ஒரு வாய்ச் சோற்றுக்கும் யானைக்கு இடும் உணவு உருண்டைக்கும் உரிய பெயராக நிலைத்தது. மருத்துவத்தில் அதுவே கொப்பளிப்பின் பெயராயிற்று. இவ்விரு வழக்கிலும் ‘ஒரு வாய் கொள்ளும் அளவு’ என்பதே பொருளின் மையம்.

இங்கு நோக்கத்தக்கது, நூல்கள் முதலில் வரையறுப்பது நீர்மத்தின் கொள்ளளவை என்பதாகும். எவ்வளவு நேரம் வைத்திருத்தல் வேண்டும் என்பதும் உடற்குறியால் உணர்த்தப்படுகிறது: வாய் சளியால் நிரம்பும் வரை, அல்லது மூக்கிலும் கண்ணிலும் நீர் வடியும் வரை. கொள்ளளவும் கால அளவும் கூறப்பட்டன. கரைசலின் செறிவு ஓர் அளவையாக அங்கு எழவில்லை. இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளுக்கு இன்றியமையாதது.

3. நால்வகைக் கொப்பளிப்பும் உப்பின் இடமும்

அட்டாங்க இருதயம் கண்டூஷத்தை நான்காகப் பிரிக்கிறது. நெய்ப்பு ஊட்டுவது, தணிப்பது, கழிவகற்றுவது, புண் ஆற்றுவது என்பன அவை. முதல் மூன்றும் முறையே வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் கேட்டை நோக்கியவை. நான்காவது புண்ணை நோக்கியது. ஒவ்வொன்றுக்கும் உரிய சுவைகள் விதிக்கப்பட்டுள்ளன. நெய்ப்பு ஊட்டும் வகைக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு ஆகிய சுவையுடைய சரக்குகளால் பக்குவம் செய்த எண்ணெய், நெய் முதலியன. தணிக்கும் வகைக்குக் கசப்பு, துவர்ப்பு, இனிப்பு. கழிவகற்றும் வகைக்குக் கசப்பு, கார்ப்பு, புளிப்பு, உப்பு ஆகியவற்றோடு வெம்மையும். புண் ஆற்றும் வகைக்குத் துவர்ப்பும் கசப்பும்.

இவ்வட்டவணையில் உப்பு இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. முதலாவதில் அது எண்ணெயால் பொதியப்பட்டு வருகிறது. மூன்றாவதில் கார்ப்பு, புளிப்பு, வெம்மை ஆகிய கூர்மையான துணைகளோடு வருகிறது. தணிக்கும் வகையிலும் புண் ஆற்றும் வகையிலும் உப்பு இல்லை. சுசுருத சங்கிதையின் நால்வகைப் பகுப்பு சொற்களில் சற்று வேறுபட்டாலும் இக்கூற்றில் ஒத்தே அமைகிறது. அங்கும் கழிவகற்றும் கொப்பளிப்பே கார்ப்பு, புளிப்பு, உப்பு, வறட்சி, வெம்மை ஆகியவற்றுக்கு உரியது. புண்ணுக்கு உரியவற்றுள் துவர்ப்பு, கசப்பு, இனிப்பு ஆகிய சுவைகள் குறிக்கப்படுகின்றன.

வாக்படர் நோய்க்குறிகளை எடுத்துக் கூறும் இடம் இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. வாய் எரிதல், வெந்து புண்ணாதல், வெளிப்பொருளால் காயப்படுதல், நஞ்சு, காரச்சரக்கு அல்லது தீயால் சுடுபடுதல் ஆகியவற்றுக்கு நெய்யோ பாலோ வாயில் கொள்ளுமாறு விதிக்கிறார். தேன் வாயின் பிசுபிசுப்பை நீக்கிப் புண்ணை ஆற்றும் என்கிறார். தானியங்களைப் புளிக்கவைத்த காடி வாயின் சுவைக்கேட்டையும் அழுக்கையும் நாற்றத்தையும் போக்கும் என்று கூறிவிட்டு, அதே காடியை உப்பின்றிக் குளிர்ந்த நிலையில் கொண்டால் வாய் வறட்சி நீங்கும் என்கிறார். இன்சூடான வெறும் நீரால் கொப்பளித்தல் வாய்க்கு இலேசான தன்மையைத் தரும் என்பதும் அங்கே உள்ளது.

‘உப்பின்றி’ என்னும் அந்த விலக்கு மிகவும் குறிப்பிடத்தக்கது. உப்பு இருக்கும்போது காடி அழுக்கை அகற்றுகிறது. உப்பை நீக்கும்போது அது வறட்சியைத் தணிக்கிறது. ஒரே நீர்மத்தின் இரு பயன்களையும் பிரிக்கும் கோடாக உப்பு இவ்விடத்தில் செயற்படுகிறது. உப்பு அழற்சியுற்ற வாயை மேலும் வறட்டும் என்னும் நோக்கறிவு நூலாசிரியருக்கு இருந்தது என இதனால் உய்த்துணரலாம். சரக சங்கிதையின் விமானப் பகுதி முதல் இயல், மிகுதியாகப் பயன்படுத்தக் கூடாத மூன்றாகத் திப்பிலி, காரச்சரக்கு, உப்பு ஆகியவற்றைக் கூறுவதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

உப்பு பல்லின் தூய்மைக்கு வேண்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. சுசுருத சங்கிதை, தேன், முக்கடுகம், எண்ணெய், இந்துப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பல் துலக்குமாறு கூறுகிறது. அங்கும் உப்பின் பணி தேய்த்துக் கழிவு நீக்குதலே. ஆக, நூல் மரபில் வாய்க்கும் உப்புக்கும் உள்ள உறவு பழமையானது. ஆனால் அவ்வுறவு ஆற்றும் உறவு அன்று.

4. தமிழர் வீட்டு வழக்கின் சான்று

நூல் மரபு புலமையோருடையது. மக்கள் வழக்கு வேறாக இருக்கலாம் என்று மறுக்கலாம். ஆனால் தமிழ் வீடுகளில் வாய்ப்புண்ணுக்கு வழங்கும் மருந்துகளைத் தொகுத்துப் பார்த்தால், அவை மேற்கூறிய பகுப்போடு பெரிதும் ஒத்துள்ளன. மணத்தக்காளிக் கீரையைச் சமைத்து உண்ணுதல் அல்லது இலையை மெல்லுதல், தேங்காய்ப்பாலை வாயில் வைத்திருத்தல், நெய் அல்லது தேன் தடவுதல், மாசிக்காயை உரைத்துப் பூசுதல், கடுக்காய் அல்லது கருவேலம்பட்டைக் குடிநீரால் கொப்பளித்தல், படிகார நீரால் கொப்பளித்தல் ஆகியன பரவலாக அறியப்பட்டவை. இவற்றுள் தேங்காய்ப்பால், நெய், தேன் ஆகியன தணிப்பவை. மாசிக்காய், கடுக்காய், கருவேலம்பட்டை, படிகாரம் ஆகியன துவர்ப்பால் புண்ணை இறுக்குபவை.

உப்பின் இடம் வேறாக உள்ளது. பல்வலி, ஈறு வீக்கம், தொண்டைக் கட்டு ஆகியவற்றுக்கு உப்புநீர் கூறப்படும். உமிக்கரியோடு உப்பைச் சேர்த்துப் பல் துலக்குதல் அண்மைக் காலம் வரை கிராமங்களில் இயல்பு. மாறாக, வாய்ப்புண் கண்டவர் உணவில் உப்பையும் காரத்தையும் குறைத்து, மோரும் கஞ்சியும் கொள்ளுதலே வீட்டு நெறி. புண்பட்ட வாய்க்கு உப்பு பகை என்பது இவ்வுணவு விலக்கில் பொதிந்துள்ள கருத்து. புண்ணில் உப்பைத் தடவுதல் துன்பத்தை மிகுவித்தலுக்கு உவமையாக வழங்குவதும் இதே பட்டறிவின் விளைவு.

எனவே, நூல் மரபும் வீட்டு வழக்கும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. கழிவு, சளி, வீக்கம் உள்ள இடத்தில் உப்பு. எரிச்சலும் புண்ணும் உள்ள இடத்தில் குளிர்ச்சி, நெய்ப்பு, துவர்ப்பு. இன்றைய அறிவுரை இவ்வெல்லையைக் கடந்து, உப்புநீரைப் புண்ணுக்கும் உரியதாக்கியுள்ளது.

5. உப்பின் விலை பற்றிய ஒரு கணக்கு

எல்லை கடக்கப்பட்டதற்கு மலிவே காரணம் என்றும், உப்பு எக்காலத்தும் எல்லார் வீட்டிலும் தாராளமாக இருந்தது என்றும் கருதுவோர் உண்டு. இதனைச் சற்று நுணுகி நோக்குதல் வேண்டும். சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தது. 1882-இல் இந்திய உப்புச் சட்டமும் 1889-இல் சென்னை உப்புச் சட்டமும் வந்தன. 1888 முதல் 1903 வரை 82 2/7 பவுண்டு எடையுள்ள இந்திய மணங்கு ஒன்றுக்கு வரி 2 ரூபாய் 8 அணாவாக இருந்தது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடைப்பயணம் நிகழ்ந்ததும், 1947-இல் அவ்வரி நீக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

மேற்கூறிய வரி விகிதத்தைக் கிராமக் கணக்கில் மாற்றினால், 37.3 கிலோகிராமுக்கு 40 அணா. அதாவது ஏறத்தாழ 930 கிராம் உப்புக்கு ஓர் அணா. அரைத் தேக்கரண்டி உப்பைச் சுமார் 3 கிராம் என்று கொண்டால், ஓர் அணா வரியில் 300-க்கு மேற்பட்ட முறை கொப்பளிக்கலாம். நாள்தோறும் உணவுக்கும், கால்நடைக்கும், மீன் பதப்படுத்தலுக்கும் உப்பு வேண்டிய ஏழைக் குடும்பத்திற்கு அவ்வரி பெருஞ்சுமை. ஆனால் சில நாள் கொப்பளிப்புக்கு அது தடையாகும் அளவினது அன்று. ஆகவே காலனிய வரி இவ்வழக்கத்தைத் தடுத்தது என்று கூறவும் இடமில்லை. வரி நீங்கியதால் வழக்கம் பரவியது என்று கூறவும் இடமில்லை. நெய், பால், தேன் ஆகியவற்றை நோக்க உப்பு எக்காலத்தும் மலிவு. அம்மலிவு இருந்தும், பழைய வழக்கு புண்ணுக்கு உப்பை நாடவில்லை. மாற்றத்தின் காரணத்தை விலைக்கு வெளியே தேடுதல் வேண்டும்.

6. செறிவு என்னும் கருத்தின் வருகை

அக்காரணம் வாயோடு தொடர்பில்லாத ஒரு களத்தில், குருதி பற்றிய ஆய்வில், தோன்றியது. 1831-32-இல் பிரித்தானியாவில் வாந்திபேதி பரவியபோது, வில்லியம் புரூக் ஓஷானசி நோயாளரின் குருதியை ஆராய்ந்து, அதில் நீரும் உப்புகளும் குறைந்திருத்தலைக் கண்டார். 1832-இல் லீத் நகரத்து மருத்துவர் தாமஸ் லாட்டா உப்புக் கரைசலை நோயாளரின் நாளத்தில் செலுத்தினார். ஓஷானசி 1833-இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். உப்பு என்பது சுவையாலும் குணத்தாலும் அறியப்படும் சரக்கு என்னும் நிலையிலிருந்து, உடல்நீரின் ஓர் உறுப்பு என்னும் நிலைக்கு இவ்வாய்வுகளால் மாறியது.

அடுத்த படி அளவைத் துல்லியமாக்கியது. 1882-83-இல் இலண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தைக் கரைசல்களில் இயங்கவைத்து, எவ்வுப்பு எவ்வளவு வேண்டும் என்பதை ஆராய்ந்தார். 1887-இல் வான்ட் ஹாப் சவ்வூடு அழுத்தத்திற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தார். நெதர்லாந்தின் உடலியங்கியலாளர் ஹார்டோக் ஹாம்பர்கர், குருதிச் சிவப்பணுக்கள் எச்செறிவில் சிதைகின்றன, எச்செறிவில் சுருங்குகின்றன என்பதை ஆராய்ந்து, 1890-களில் பாலூட்டிகளின் குருதிக்கு 0.9% உப்புக் கரைசல் ஒத்தது என முன்வைத்தார். அதனினும் மெலிந்த நீரில் அணு வீங்கும். அதனினும் செறிந்த நீரில் சுருங்கும். ஒத்த செறிவில் ஊறின்றி இருக்கும்.

பழைய மருத்துவமும் அளவற்றது அன்று. சிட்டிகை, கழஞ்சு, வராகனெடை, பலம் என நிறுத்தலளவைகள் அதில் நிறைந்துள்ளன. அவை ‘எவ்வளவு சரக்கு’ என்பதற்கு விடையளித்தன. ஹாம்பர்கரின் 0.9% ‘உடலின் நீரோடு ஒப்பிட எவ்வளவு’ என்னும் வேறொரு வினாவுக்கு விடை. உப்பு புண்ணில் எரியும் என்னும் பழைய பட்டறிவும், உப்புநீர் புண்ணுக்கு இதம் என்னும் புதிய கூற்றும் முரண்படாமல் நிற்பதற்கு இந்த ஒப்பீடே இடமளித்தது.

இதனை ஒரு குவளையில் காட்டலாம். 200 மில்லிலிட்டர் நீரில் ஒத்த செறிவுக்கு வேண்டுவது 1.8 கிராம் உப்பு. அரைத் தேக்கரண்டி இட்டால் செறிவு ஏறத்தாழ 1.5% ஆகும். முழுத் தேக்கரண்டி இட்டால் ஏறத்தாழ 3% ஆகிக் கடல்நீரின் 3.5%-ஐ நெருங்கும். முதலாவது புண்பட்ட வாய்க்குப் பெரும்பாலும் பொறுக்கத்தக்கது, இரண்டாவது எரிக்கும். அரைக் கரண்டிக்கும் முழுக் கரண்டிக்கும் இடையில்தான் நூல்கள் கூறிய கழிவகற்றும் உப்பும் இன்றைய ஆற்றும் உப்பும் பிரிகின்றன. கல்லுப்பும் பொடியுப்பும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை நிற்கும் என்பதால், கரண்டிக் கணக்கே சீரான பொடியுப்பு எங்கும் கிடைக்கும் காலத்தை முன்கொள்கிறது.

7. கிருமிக் கொல்லியிலிருந்து ஊறு செய்யா நீருக்கு

உடலியங்கியல் ஆய்வுக்கூடத்தின் கரைசல் வாய்க்கு வந்து சேர்வதற்கு முன், வாய் மருத்துவம் வேறொரு கருத்தின் ஆளுகையில் இருந்தது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் அறுவைப் புண்ணைக் காக்கும் முறையை வெளியிட்டார். 1879-இல் அவர் பெயரைத் தழுவிய லிஸ்டரின் அமெரிக்காவில் அறுவைக்குரிய கிருமிக் கொல்லியாகத் தோன்றி, பின்னர் வாய்நீராக விற்கப்பட்டது. 1890-இல் வில்லபி மில்லர் மனித வாயின் நுண்ணுயிர்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். வாய் என்பது கிருமிகளின் உறைவிடம். கொப்பளித்தல் அவற்றைக் கொல்லும் வழி என்னும் எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது.

அவ்வெண்ணத்திற்கு எதிர்க்குரல் முதல் உலகப்போரின் களத்தில் எழுந்தது. பிரான்சின் பூலோன் நகரத்தில் பணியாற்றிய ஆம்ரோத் ரைட்டும் அவரோடு இருந்த அலெக்சாந்தர் பிளெமிங்கும், வலிய கிருமிக் கொல்லிகள் ஆழ்ந்த புண்ணின் மடிப்புகளை எட்டுவதில்லை என்றும், உடலின் தற்காப்பு அணுக்களையே அழிக்கின்றன என்றும் காட்டினர். 1915-இல் ரைட் சுமார் 5% உப்புக் கரைசலைப் பரிந்துரைத்தார். செறிந்த உப்பு சவ்வூடு அழுத்தத்தால் புண்ணிலிருந்து நிணநீரை வெளியிழுக்கும்; புண் தூய்மையான பின் ஒத்த செறிவுள்ள கரைசல் போதும் என்பது அவர் கருத்து. அறுவை மருத்துவர் பலர் இதனை ஏற்கவில்லை. வாட்சன் செயினோடு கடும் விவாதம் நிகழ்ந்தது.

ரைட்டின் இரு கரைசல்களும் வாக்படரின் இரு வகைகளை நினைவூட்டுவது இயல்பு. செறிந்தது கழிவை இழுக்கிறது. ஒத்தது ஆற விடுகிறது. வாய் சளியால் நிரம்பும் வரை, மூக்கும் கண்ணும் நீர் வடியும் வரை வைத்திருக்குமாறு கூறிய விதியிலும் இழுத்து வெளியேற்றுதல் என்னும் நோக்கம் உண்டு. இவ்வொப்புமையைக் கொண்டு சவ்வூடு அழுத்தத்தை முன்னோர் அறிந்திருந்தனர் என்று முடிவு கட்டலாகாது. இருவரும் உப்பின் ஒரே விளைவைக் கண்டனர். ஒருவர் அதனைக் கபத்தின் கழிவாகவும் மற்றவர் நிணநீரின் ஓட்டமாகவும் விளக்கினர். விளைவைக் காணுதல் வேறு. விளக்கத்தைக் கொள்ளுதல் வேறு. மேலும், மெலிந்த உப்புநீரைப் புண் ஆற்றும் வகையில் வைக்கும் இடம் வாக்படரின் பகுப்பில் இல்லை என்பது முன்னரே காட்டப்பட்டது.

இந்தியாவில் இக்கருத்து பரவிய வழி பல் மருத்துவக் கல்வியாகும். 1920-இல் ஆர். அகமது கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. பல் அகற்றியபின் முதல் நாள் கொப்பளிக்கலாகாது, குருதிக்கட்டி பெயர்ந்துவிடும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மெல்லக் கொப்பளிக்கலாம் என்பது இக்கல்வி தந்த நெறி. நோயாளர் அதனைப் புதியதாக உணரவில்லை. பல்வலிக்கு உப்புநீர் என்னும் வீட்டு வழக்கு முன்னரே இருந்ததால், மருத்துவமனையின் சொல் பாட்டியின் சொல்லாகவே ஒலித்தது. பழைய வழக்கின் பெயரும் புதிய அறிவின் அளவும் இவ்விடத்தில் ஒன்றாயின. பல்லுக்கும் ஈறுக்கும் உரியதாயிருந்த உப்புநீர், புண்ணுக்கும் உரியதாக விரிந்ததை இவ்விணைப்பின் விளைவாகக் கருதலாம்.

8. இன்றைய சான்றுகளின் நிலை

1954-இல் அறிமுகமான குளோர்எக்சிடின், 1970-இல் லோ, ஷியொட் ஆகியோரின் ஆய்வால் பற்படலத்தைத் தடுக்கும் வாய்நீராக நிலைபெற்றது. பல்லில் கறை படிதல், சுவை மாறுதல் ஆகிய குறைகள் அதற்கு உண்டு. உப்புநீருக்கு இக்குறைகள் இல்லை, அவ்வாற்றலும் இல்லை. எனவே இன்று உப்புநீரின் மதிப்பு அது கொல்லும் கிருமியைப் பொறுத்ததன்று. அது கெடுக்காமல் விடும் திசுவைப் பொறுத்தது.

2016-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான ஆய்வு, மனித ஈற்றிலிருந்து பெற்ற நார்முன்னணுக்களை 0.9% முதல் 1.8% வரையிலான உப்புக் கரைசலில் சிறிது நேரம் நனைத்தபோது அவற்றின் நகர்வு மிகுந்ததைக் காட்டியது. இது ஆய்வுக்கூடக் கலத்தில் கண்ட முடிவு; நோயாளரின் வாயில் கண்டதன்று. 2005-இல் ஜப்பானில் 387 பேரிடம் நிகழ்ந்த ஆய்வில், வெறும் நீரால் தொண்டை கொப்பளித்தவரிடையே மேல் மூச்சுப்பாதைத் தொற்று 36% குறைந்தது; அயோடின் கலந்த கொப்பளிப்பால் அத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை. அலைத்துக் கழுவுதலே பயனின் ஒரு பகுதியாக இருக்கலாம் என இது எண்ணச் செய்கிறது. இன்சூடான வெறும் நீர் வாய்க்கு இலேசைத் தரும் என்ற வாக்படர் கூற்றை இதனோடு வைத்துப் படிப்பது சுவையானது. நிறுவப்பட்ட தொடர்பாக அதனைக் கொள்ளலாகாது.

கதிர்வீச்சு, வேதிமருந்து ஆகியவற்றால் வாய் வெந்து புண்ணாகும் புற்றுநோயாளருக்கு உப்புநீர் பற்றிய வினா மிகக் கூரியது. புற்றுநோய் ஆதரவுச் சிகிச்சைக்கான பன்னாட்டு அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்புண்ணைத் தடுக்கவோ ஆற்றவோ உப்புநீரைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. எனினும் ஊறற்ற இக்கரைசல் வாயைத் தூய்மையாக வைக்கவும் நோயாளரின் இதத்திற்கும் உதவலாம் என்று ஏற்றது. இதம் வேறு, குணம் வேறு என்னும் பகுப்பு இங்கே தெளிவாகிறது.

அப்பகுப்பு நம் நாட்டில் உயிர் சார்ந்தது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்குப் புதிதாக வாய்ப்புற்றுநோய் கண்டறியப்படுகிறது. புகையிலையும் பாக்கும் இதற்குத் தலையாய காரணங்கள். மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். உப்புநீர் இதம் தரும் காரணத்தாலேயே காட்டுதல் தள்ளிப்போகக்கூடும். ‘முன்னோர் மருந்து’ என்னும் மதிப்பு அதற்கு ஏற்றப்பட்டால், அத்தள்ளிப்போடலுக்கு நாமும் துணைநின்றவராவோம்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. சுசுருத சங்கிதையும் அட்டாங்க இருதயமும் கொப்பளிப்பில் உப்பைக் கழிவகற்றும் பொருளாகவும் எண்ணெயின் துணைப்பொருளாகவும் வைத்தன. எரியும் வாய்க்கு நெய், பால், தேன் ஆகியவற்றையும், வறண்ட வாய்க்கு உப்பற்ற காடியையும் விதித்தன. தமிழர் வீட்டு வழக்கு இதனோடு ஒத்துச் சென்றது. விலையோ வரியோ இந்நிலையை மாற்றவில்லை. உடல்நீரோடு ஒத்த செறிவு என்னும் 19-ஆம் நூற்றாண்டுக் கருத்தும், ஊறு செய்யாமையை முதன்மையாகக் கொண்ட 20-ஆம் நூற்றாண்டுப் புண் மருத்துவமும், பல் மருத்துவக் கல்வியும் சேர்ந்து உப்புநீரை ஆற்றும் பொருளாக்கின.

இம்முடிபு மரபின் பெருமையைக் குறைப்பதன்று. எல்லாப் பயனையும் ஒரே பொருளில் ஏற்றாமல், எரிச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, புண்ணுக்கு ஒன்று எனப் பகுத்த நுண்மையே அம்மரபின் சிறப்பு. இன்றைய வழக்கத்தைப் பின்னோக்கி அதன்மேல் ஏற்றும்போது அந்நுண்மை மறைந்துவிடுகிறது. தமிழ் மருத்துவச் சுவடிகளில் வாய்நோய்க்குக் கூறப்படும் கொப்பளிப்புகளைச் சரக்கு, சுவை, வெம்மை, நோய்க்குறி என்னும் நான்கு தலைப்புகளில் அட்டவணைப்படுத்தி, உப்பு சேர்ந்தவற்றையும் உப்பு விலக்கப்பட்டவற்றையும் தனித்தனியே காட்டும் பணி மேற்கொள்ளத்தக்கது. ஒரு மருந்தில் எது சேர்ந்தது என்பதோடு எது விலக்கப்பட்டது என்பதையும் படிக்கும்போதே மருத்துவ நூல் வரலாற்றுச் சான்றாகப் பயன்படும்.